எட்டு போர்ட் கார்டு திருந்திய வரலாறு

அந்த ஆஸ்பத்திரியில் கேபிளின் அக்கா ஒரே வாரத்தில் இரண்டு தடவை செத்துப்போனாள். இரண்டாவது தடவை அந்தச் செய்தியை டாக்டர் அவளிடமே நேரில் வந்து சொன்னார்.

“இந்த ரிப்போர்ட்படி உங்க ரத்தத்துல பொட்டாசியம் நாப்பத்திரண்டு இருக்கும்மா. அஞ்சைத் தாண்டினாலே நாங்க பதறுவோம். நாப்பத்திரண்டுல யாரும் உயிரோட இருக்க முடியாது.”

“அப்படின்னா வலி மட்டும் எதுக்கு டாக்டர் இன்னும் இருக்கு? போற உசிரு அதையும் கையோட கூட்டிட்டுப் போயிருக்கலாமே,” என்றாள் அக்கா.

டாக்டர் நல்ல மனிதர். அந்தக் கட்டடத்தில் அப்படியும் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கு அதிகாரம் மட்டும் கிடையாது. “எனக்கும் தெரியுதும்மா. அது நாலு புள்ளி ரெண்டு. புள்ளி வழியில எங்கயோ விழுந்துடுச்சு. ஆனா நானா ஒரு புள்ளி வெச்சுக்க எனக்கு உரிமை இல்லை. நாளைக்கு மறுபடி ரத்தம் எடுப்போம்,” என்று சொல்லிவிட்டு, கேபிளை வெளியே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பித்தப்பையில கல்லு அடைச்சுச் சீழ் பிடிச்சிருக்கு. காய்ச்சல் ஏறுது. உள்ளயே வெடிச்சா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. எனக்கு ஒரு ஒழுங்கான ரிப்போர்ட் குடுப்பா.”

கேபிளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஏனென்றால் அந்தப் புள்ளி விழுந்த இடம் அவனுடைய இடம். ஆய்வகத்துக் கண்ணாடி அறையில் இருந்த சர்வர் என்னும் பெரிய கம்ப்யூட்டருக்குக் காவல் காப்பதும், தூசி தட்டுவதும், வயர் கழன்றால் மாட்டுவதும்தான் அவன் வேலை. தோளில் எப்போதும் ஒரு சுருள் வயர் தொங்கும். அதனால் எல்லோருக்கும் அவன் கேபிள்தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே இரண்டாம் தடவைதான் திரும்புவான்.

விஷயம் இதுதான். ஆய்வகத்தில் ரத்தம், சிறுநீர், உப்பு, சர்க்கரை என்று பார்க்கும் மெஷின்கள் ஏழு. ஒவ்வொன்றும் தன் முடிவை எழுத்து எழுத்தாக ஒரு வயர் வழியே சர்வருக்கு அனுப்பும். அந்த வயர்களெல்லாம் வந்து குத்துகிற இடம் சர்வரின் முதுகில் செருகியிருந்த ஒரு கார்டு. அந்தக் கார்டுக்குச் சொந்த புத்தி கிடையாது. ஒரு எழுத்து வந்தால் சர்வரைத் தட்டி, “ஐயா, ஒரு நாலு வந்திருக்கு” என்னும். சர்வர் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு அந்த நாலை வாங்கி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள், “ஐயா, ஒரு புள்ளி வந்திருக்கு” என்னும். மத்தியானம் ஏழு மெஷினும் ஒரே சமயத்தில் கக்க ஆரம்பித்தால், சர்வர் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் முழிக்கும். வாங்க ஆளில்லாத எழுத்து கீழே விழும். அதில் அக்காவின் புள்ளியும் ஒன்று.

மெஷினின் சின்னத் திரையைப் பார்த்துக் கையால் எழுதிக் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். கேபிளும் கேட்டான். கையால் எழுதிய ரிப்போர்ட் செல்லாது என்று சர்வர் வாங்கிய அன்றே தீர்மானம் போட்டிருந்தார்கள். செல்லும் என்று வைத்தால் சர்வருக்கு என்ன மரியாதை? ஆபரேஷன் தியேட்டரின் முன்பதிவும் அதே சர்வரில்தான் இருந்தது. உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும்தான் அது தேதி கொடுக்கும். சரி, வேறு ஆஸ்பத்திரிக்காவது கொண்டுபோகலாம் என்றால் டிஸ்சார்ஜ் வேண்டும். டிஸ்சார்ஜுக்குக் கடைசி ரிப்போர்ட் வேண்டும். கடைசி ரிப்போர்ட்படி அக்கா இறந்தவள். இறந்தவர்களுக்கு அங்கே வேறு வாசல்.

இதையெல்லாம் சரிசெய்ய ஒரு குழு இல்லாமலா இருக்கும்? இருந்தது. ‘சர்வர் செயல்திறன் மேம்பாட்டு உயர்மட்டக் குழு’ என்று பெயர். மற்றவர்களின் அக்காக்களும் அப்பாக்களும் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்த காலத்திலிருந்தே அது கூடிக்கொண்டிருந்தது. தலைவர் ஆஸ்பத்திரியின் தலைமை இயக்குநர். எல்லோரும் பெரியவர் என்பார்கள். அவருக்கு வலப்பக்கம் மரபு அதிகாரி. யார் எந்த நாற்காலியில் உட்காருவது, யாருக்கு முதலில் டீ, லிஃப்டில் யார் முன்னால் ஏறுவது என்பதையெல்லாம் தீர்மானிக்கும் உத்தியோகம் அது. எத்தனையோ டாக்டர் பதவிகள் காலியாகக் கிடந்தாலும் இந்தப் பதவி ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை. இடப்பக்கம் சிறுநீர்ப் பிரிவுத் தலைவர், பணிமூப்பில் எல்லோருக்கும் மூத்தவர். தலையாட்டுவதற்காக இன்னும் சிலர்.

முதல் கூட்டத்துக்குக் கார்டு கம்பெனியிலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்திருந்தார். கேபிள் அவரை மேடம் என்று கூப்பிடப் போய், எல்லோருக்குமே அவர் கம்பெனி மேடம் ஆகிவிட்டார். அவர் மேஜையில் இரண்டு கார்டுகளை வைத்தார். இரண்டிலும் வயர் குத்துவதற்கு எட்டு போர்ட்.

“இது சாதா கார்டு. இப்ப நீங்க வெச்சிருக்கறது மாதிரியேதான், கொஞ்சம் புதுசு. இன்னொண்ணு உள்ளயே ஒரு சின்ன மூளையும் ஞாபகமும் இருக்கற கார்டு. எழுத்துங்களைத் தானே வாங்கி, சேர்த்து வெச்சு, ஒரு ரிப்போர்ட் முழுசா ஆனதும்தான் சர்வர்கிட்ட குடுக்கும். விலை ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். இதைப் போட்டா உங்க பிரச்சினை இன்னைக்கே தீர்ந்துடும் சார்.”

தீர்ந்துடும் என்ற சொல்லைக் கேட்டதும் குழுவுக்குக் கொஞ்சம் வியர்த்தது. மரபு அதிகாரி காப்பாற்றினார்.

“ஒரு சந்தேகம். இந்த ஓட்டைங்களுக்கு ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டிருக்கே. ஒண்ணாம் நம்பர் யாருக்கு?”

“யார் மெஷினை வேணும்னாலும் மாட்டலாம் சார். எல்லாம் சமம்தான்.”

அந்த அறையில் யாரும் அதுவரை அப்படி ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. சிறுநீர்ப் பிரிவுத் தலைவருக்கு மூக்கு சிவந்தது. “சமமா? நான் இங்க வேலைக்குச் சேர்ந்தப்ப ரத்தப் பிரிவுன்னு ஒண்ணே கிடையாது. ரத்தமெல்லாம் அப்புறமா வந்தது. நேத்து வந்த ரத்தம் ஒண்ணாம் நம்பர்ல உக்காரும், சிறுநீர் கடைசியில நிக்கணுமா?” என்றார். ரத்தப் பிரிவு பதில் சொன்னது. சர்க்கரைப் பிரிவு தன் தரப்பைச் சொல்லிவிட்டு வெளிநடப்புச் செய்தது. கம்பெனி மேடம் கேபிளைப் பார்த்தார். கேபிள் தரையைப் பார்த்தான்.

இந்த வழக்கு பல கூட்டங்கள் ஓடியது. கடைசியில் பெரியவரே தீர்ப்புச் சொன்னார். மெஷின்கள் ஏழு, ஓட்டைகள் எட்டு. ஆகவே ஒண்ணாம் போர்ட் தலைமை இயக்குநருக்கு. மீதி, பணிமூப்புப்படி.

“ஐயா, அந்த வயரோட இன்னொரு முனையை எதுல மாட்டறது?” என்று கேட்டான் கேபிள். கேட்டிருக்கக் கூடாது.

“என் மேஜை வரைக்கும் வரட்டும். மாட்டறதைப் பத்திப் பிறகு யோசிக்கலாம்,” என்றார் பெரியவர்.

ஏணி போட்டு, கூரைப் பலகைகளைக் கழற்றி, தலையெல்லாம் ஒட்டடையாக, கேபிள் ஆய்வகத்திலிருந்து மூன்றாவது மாடிக்கு அந்த வயரை இழுத்தான். எதிலும் மாட்டாத அதன் முனைக்கு மரபு அதிகாரி ஒரு சிவப்பு ரிப்பன் கட்டி, பெரியவரின் மேஜைமேல் ஒரு கண்ணாடித் தட்டில் வைத்தார். வருகிறவர்களிடமெல்லாம் பெரியவர் அதைக் காட்டி, “நேரா சர்வர்லேர்ந்து வருது,” என்பார். வந்தவர்களும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்துவிட்டுப் போவார்கள்.

அந்த வயரை இழுத்து முடித்த வாரத்தில்தான் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள், வந்து இரண்டு தடவை செத்தும் வைத்தாள். அவள் இரண்டாவதாகச் செத்ததற்கு மறுநாள் மூளைக் கார்டுக்குச் சோதனை ஓட்டம் என்று முடிவாகியிருந்தது. கேபிள் அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து சர்வருக்கு ஒரு கும்பிடு போட்டான்.

குழு முழுக்கக் கண்ணாடி அறைக்குள் நெருக்கியடித்து நின்றது. பழைய கார்டோடு சர்வர் எப்போதும்போல் உறுமிக்கொண்டிருந்தது. விசிறி அலறியது. திரையில் ஒரு பச்சைக் கோடு உச்சியில் நின்று, சர்வர் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டியது: தொண்ணூற்றொன்பது சதவீதம். அது அத்தனையும் தோளைத் தட்டத் தட்டத் திரும்பிப் பார்க்கிற வேலை. கம்பெனி மேடம் சர்வரை நிறுத்தி, கார்டை மாற்றி, மறுபடி ஓடவிட்டார். ஏழு மெஷின்களும் ஒரே நேரத்தில் அனுப்பின. விசிறி மெல்ல அடங்கியது. பச்சைக் கோடு சரசரவென்று இறங்கி அடியில் படுத்துக்கொண்டது. நாலு சதவீதம்.

பக்கத்தில் பிரிண்டரிலிருந்து ரிப்போர்ட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு எழுத்துக் குறையாமல் வந்தன. கேபிள் அக்காவுடையதை எடுத்தான். நாலு, புள்ளி, ரெண்டு. அப்படி ஒரு லட்சணமான புள்ளியை அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியில் இரண்டிரண்டாகத் தாவி வார்டுக்கு ஓடினான். டாக்டர் அதைப் பார்த்தார், சர்வரில் பதிந்தார், தியேட்டர் மறுநாள் காலைக்குத் தேதி கொடுத்தது. “பொழைச்சு வந்துட்டேன் பாரு,” என்றாள் அக்கா. காய்ச்சலில் அவள் உதடு வெடித்திருந்தது. கேபிள் அழுதுவிட்டான். “சீ, போடா, ஒரு புள்ளிக்குப் போயி,” என்று அவள் அவன் மண்டையில் தட்டினாள்.

அவன் இறங்கி வந்தபோது கண்ணாடி அறையில் இழவு விழுந்த மாதிரி இருந்தது.

“என்ன ஆச்சு இதுக்கு?” என்று பெரியவர் பச்சைக் கோட்டைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். “நேத்து வரைக்கும் தொண்ணூத்தொன்பது சதவீதம் வேலை செஞ்சுது. நீங்க கார்டைப் போட்டதும் நாலுக்கு வந்துடுச்சு. இந்தக் குழுவோட பேரு செயல்திறன் மேம்பாட்டுக் குழு. நீங்க என்னன்னா இருந்ததையும் கெடுத்துட்டீங்க.”

“சார், அது கெட்டது இல்ல, நல்லது. வேலை சுலபமா முடியுதுன்னு அர்த்தம். ரிப்போர்ட் எல்லாம் சரியா வந்திருக்கு பாருங்க,” என்றார் கம்பெனி மேடம்.

“ரிப்போர்ட் வர்றது இருக்கட்டும்மா. அது ஆய்வகத்தோட விஷயம். இது சர்வர் குழு.” பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவர் அப்படித் துடைத்தால் பேசப்போகிறார் என்று பொருள். தலையாட்டுகிறவர்கள் கழுத்தைத் தளர்த்திக்கொண்டார்கள்.

“ஆரம்பத்துலேர்ந்தே எனக்கு இந்த மூளை சமாச்சாரம் பிடிக்கலை. இப்ப என்னையே எடுத்துக்கோங்க. இந்த ஆஸ்பத்திரியில ஒரு பல்பு மாத்தணும்னாலும் என்கிட்டத்தான் வரணும். பினாயில் பாட்டில் திறக்கணும்னாலும் நான்தான் கையெழுத்துப் போடணும். அதனாலதான் என் ரூம் வாசல்ல எந்நேரமும் கூட்டம் நிக்குது. அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் நான் எவ்வளவு வேலை செய்றேன்னு நாலு பேருக்குத் தெரியுது. பழைய கார்டு எவ்வளவு பணிவா இருந்துது! ஒரு எழுத்து வந்தாக்கூட மேலிடத்தைக் கேக்காம ஒரு அடி வைக்காது. இது என்னடான்னா, தானே வாங்கி, தானே அடுக்கி, எல்லாத்தையும் முடிச்சுட்டு வந்து ‘இந்தாங்க’ங்குது. கீழ இருக்கறவனே எல்லாத்தையும் முடிச்சுட்டான்னா, மேல இருக்கறவன் எதுக்கு? சொல்லுங்க பார்ப்போம், எதுக்கு?”

அதற்குப் பதில் தெரியாதவர் அந்த அறையில் ஒருவரும் இல்லை. சொல்லத்தான் ஆளில்லை.

“அதுவும் போகட்டும்,” என்று சிறுநீர்ப் பிரிவுத் தலைவர் சேர்ந்துகொண்டார். “சர்வர் இப்படிச் சும்மா உக்காந்திருக்கறதை வெளியிலேர்ந்து யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க? இவ்வளவு பெரிய சர்வர் எதுக்கு வாங்கினீங்கன்னு கேக்க மாட்டாங்க?”

அதோடு முடிந்தது. பழைய கார்டே திரும்பச் செருகப்பட்டது. விசிறி அலறியதும் எல்லோர் முகத்திலும் நிம்மதி வந்தது. அங்கேயே இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று, சர்வர் வேலை செய்யாமல் இருந்த நேரத்தில் வந்த ரிப்போர்ட்டுகள் எதுவும் செல்லாது. இரண்டு, சர்வரைச் சோம்பேறியாக்கிய குற்றத்துக்காக மூளைக் கார்டிடம் விளக்கம் கேட்பது.

“கார்டுகிட்டயா?” என்றார் கம்பெனி மேடம்.

“விளக்கம் கேக்காம யாரையும் நிராகரிக்கறது இங்க மரபு இல்லை,” என்றார் மரபு அதிகாரி பெருந்தன்மையோடு. “தன் பக்க நியாயத்தைச் சொல்லட்டும். திருப்தியா இருந்தா மறுபடி ஒரு வாய்ப்புக் குடுப்போம். அதுக்கு வாய் இல்லைதான். கூட இருந்து பார்த்துக்கறது கேபிள்தானே, அவர் எழுதிக் குடுக்கட்டும்.”

மறுநாள் காலை அக்காவைப் பச்சை அங்கி மாட்டித் தள்ளுவண்டியில் படுக்கவைத்து, தியேட்டர் கதவுவரை கொண்டுபோய், ரிப்போர்ட் செல்லாது என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். புதிதாக ரத்தம் எடுத்தார்கள். மத்தியானம் பழைய கார்டு புள்ளியைக் கீழே போட்டது. அக்கா மூன்றாவது தடவையாகச் செத்தாள். ஊசி குத்திக் குத்தி அவள் கை நீலமாகியிருந்தது. டாக்டர் பெரியவரைப் பார்க்க மூன்றாவது மாடிக்குப் போனார். வாசலில் கூட்டம் நின்றதால் திரும்பி வந்தார். வந்தவர் கேபிளிடம் இரண்டே வார்த்தை சொன்னார்: “நாளைக்குள்ள பண்ணணும்.”

கேபிள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடி அறையில் நடந்த கூத்தை ஒன்றுவிடாமல் அக்காவிடம் கொட்டினான். “கார்டுக்குப் பதிலா நான் என்னத்தக்கா எழுத? பேசாம வேலையை விட்டுட்டுப் போயிடலாம்போல இருக்கு.”

“நீ போயிட்டா எனக்கு யாருடா புள்ளி வைப்பா?” அக்காவுக்கு மூச்சு வாங்கியது, ஆனால் வாய் மட்டும் ஓயவில்லை. “இதுல என்ன பெரிய கஷ்டம்? அவங்களுக்கு வேலை நடக்கணும்னு இல்ல. நடக்கற மாதிரி தெரியணும், அவ்வளவுதான். உன் அத்தானைப் பாரு. ஆபீஸ்ல என்னைக்காவது ஒரு வேலை செஞ்சிருக்காரா? கையில ஒரு ஃபைலை எடுத்துக்கிட்டு, மூஞ்சியை அவசரமா வெச்சுக்கிட்டு, இந்த ரூம்லேர்ந்து அந்த ரூமுக்கு நடந்துக்கிட்டே இருப்பாரு. போன வருஷம் சிறந்த ஊழியர்னு மெடல் குத்தி அனுப்பினாங்க. உன் சர்வர் கையிலயும் ஒரு ஃபைலைக் குடுத்து நடக்கவிடேன்.”

கேபிள் எழுந்து நின்றான். பிறகு உட்கார்ந்தான். பிறகு மறுபடி எழுந்து கம்பெனி மேடத்துக்குப் போன் போட்டான்.

“முடியும்,” என்றார் அவர், சிரித்து முடித்த பிறகு. “ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சு எண்ணிக்கிட்டே போற ஒரு சின்ன புரோகிராம் போட்டுடலாம். அதுக்கு முடிவே கிடையாது. பச்சைக் கோடு உச்சியில நிக்கும்.”

“ஐயோ, அப்ப மறுபடியும் புள்ளி விழுமே மேடம்?”

“விழாது. அதை எல்லாத்துக்கும் கடைசி வரிசையில வைப்பேன். உண்மையான வேலையோட யாராவது வந்தா உடனே எழுந்து வழிவிட்டுடும். அவங்க போனதும் வந்து உக்காந்து எண்ணும்.”

அந்தக் கட்டடத்தில் அப்படி நடந்துகொள்ளக்கூடிய ஒருவரைக் கேபிள் யோசித்துப் பார்த்தான். தோன்றவில்லை.

கார்டின் விளக்கத்தை அக்கா சொல்லச் சொல்ல அவன் எழுதினான். பாதியில் வலி வந்து அவள் பல்லைக் கடித்துக்கொண்டபோதெல்லாம் நிறுத்தினான். அது இப்படி முடிந்தது: “நான் புதியவன். இவ்விடத்து நாகரிகம் அறியாமல், மேலிடமாகிய சர்வரைத் தொந்தரவு செய்யாமல் இருந்துவிட்டேன். எனக்கு மூளை இருப்பது என் பிறவிக் குறை. அதை இனி வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன். பெரிய மனது பண்ணி ஒரு வாய்ப்பு அருள வேண்டும்.” மரபு அதிகாரி அதை அன்று மாலையே குழுவின் முன் உரக்கப் படித்தார். கடைசி வரியில் அவர் குரல் தழுதழுத்தது. பெரியவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “தப்பை ஒத்துக்கறவங்களை நான் என்னைக்கும் தண்டிச்சதில்லை. நாளைக்குக் காலையிலயே ஓட்டிப் பாருங்க,” என்றார்.

மறுநாள் காலையில் மறு சோதனை. கார்டைக் கேபிளே செருகினான். இது பிசகினால் அவன் வேலை போகும். அது போய்த் தொலையட்டும், அக்கா போய்விடுவாள். கம்பெனி மேடம் சர்வரை ஓடவிட்டார். விசிறி சுழன்றது, உறுமியது, பிறகு அலறியது. பச்சைக் கோடு தாவி ஏறி உச்சியில் ஒட்டிக்கொண்டது.

“தொண்ணூத்தொன்பது!” என்று மரபு அதிகாரி கூவினார். குழு கைதட்டியது. சிறுநீர்ப் பிரிவுத் தலைவர் பக்கத்தில் இருந்த ரத்தப் பிரிவைக் கட்டிக்கொண்டார்.

“கார்டு திருந்திடுச்சு,” என்றார் பெரியவர். கண்ணாடியைக் கழற்றினார். “நல்ல வார்த்தை சொன்னா திருந்தாத ஜென்மம் உண்டா? சரி, சர்வர் இப்ப என்ன வேலை செய்யுது?”

கேபிள் அவசரமாக ஒரு வயரைத் துடைக்க ஆரம்பித்தான். கம்பெனி மேடம் மட்டும் கண்ணை இமைக்காமல் உண்மையையே சொன்னார். “எண்ணுது சார்.”

“எதை?”

“எதையும் இல்ல சார். சும்மா எண்ணுது. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போய்க்கிட்டே இருக்கும்.”

“எப்ப முடியும்?”

“முடியவே முடியாது சார்.”

கேபிள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

“கேட்டுக்கோங்க,” என்றார் பெரியவர், மற்றவர்கள் பக்கம் திரும்பி. அவர் கண் கலங்கியிருந்தது. “பலனை எதிர்பாராத உழைப்பு. எதை எண்ணறோம்னுகூடக் கேக்காத உழைப்பு. நான் இத்தனை வருஷமா இங்க எதைச் செஞ்சுக்கிட்டு வர்றேனோ, அதையே ஒரு மெஷின் கத்துக்கிட்டிருக்கு.”

எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கார்டு ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்தச் சந்தடியில் பிரிண்டர் துப்பிய காகிதங்களை யாரும் பார்க்கவில்லை. கேபிள் பார்த்தான். அன்று காலை புதிதாக எடுத்த அக்காவின் ரத்தத்தில் பொட்டாசியம் நாலு, புள்ளி, ஆறு. சர்வர் நன்றாக உழைத்துக்கொண்டிருந்த நேரத்தில் வந்த ரிப்போர்ட், செல்லும்.

அன்று மத்தியானமே அக்காவைத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். கதவு இந்தத் தடவை திறந்தது. வெளியே வந்த டாக்டர் முகமூடியை இறக்கிவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டு, “கை வெச்சா கிழியற மாதிரி இருந்துதுப்பா. சாயங்காலம் வரைக்கும் தள்ளியிருந்தா ஆள் தங்கியிருக்காது,” என்றார். கேபிள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றான்.

இத்தோடு கதையை முடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் ஆஸ்பத்திரி முடித்துக்கொள்ளவில்லையே.

புதுக் கார்டு வந்த பிறகு ரிப்போர்ட்டுகள் ஒழுங்காக வந்தன. செத்தவர்கள் மட்டும் செத்தார்கள். வயர் கழன்றது, எழுத்து விழுந்தது என்று கேபிளை யாரும் அலறிக் கூப்பிடவில்லை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக அவன் நாற்காலியில் முழு முதுகும் சாய உட்கார்ந்து, சூடு ஆறுவதற்குள் ஒரு டீ குடித்தான். அந்த வேளை பார்த்துப் பெரியவர் அந்தப் பக்கம் வந்தார்.

“உன் லோடு இப்ப எத்தனை சதவீதம்?” என்று கேட்டார்.

மறுநாள் அவனிடமும் விளக்கம் கேட்டார்கள். அக்காவிடம் போய்க் கேட்டு எழுத வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கார்டு எழுதியதையே அப்படியே திருப்பி எழுதிக் கொடுத்தான். மூளை வரி உட்பட. மறு வாய்ப்புக் கிடைத்தது.

தையல் பிரிக்கும் நாளில் அக்கா வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடைபாதையில் நடை பழகினாள். எதிரே கேபிள், தோளில் வயர்ச் சுருளோடு, புருவத்தை நெரித்துக்கொண்டு, தலைபோகிற அவசரத்தில் வந்தான். அவளைக் கடந்து கோடிவரை போனான். அங்கிருந்து அதே அவசரத்தோடு திரும்பி வந்தான்.

“எங்கடா ஓடறே?”

“அந்தக் கோடி வரைக்கும்.”

“அங்க என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்லக்கா. சுவரு.” கேபிள் மெதுவாகச் சொன்னான். “சாயங்காலம் வரைக்கும் நடக்கணும்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, தையல் இழுத்தது, வலியில் திட்டிக்கொண்டே சிரித்தாள். அப்போது பின்னாலிருந்து ஒரு தள்ளுவண்டி வேகமாக வந்தது. மேலே யாரோ மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்கள். கேபிள் சட்டென்று சுவரோடு ஒட்டி வழிவிட்டான். வண்டி நாலடி போயிருக்காது, எதிரே மரபு அதிகாரி கையை உயர்த்தி அதை நிறுத்தினார். அவருக்குப் பின்னால் பெரியவர், சிறுநீர்ப் பிரிவு, மற்ற பிரிவுகள், பணிமூப்பு வரிசையில். கார்டின் சாதனையைப் பார்வையிடக் கண்ணாடி அறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஊர்வலம் முழுக்கக் கடக்கும்வரை வண்டி நிற்க வேண்டும்.

பெரியவர் கேபிளைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். பிறகு அவர் பார்வை அக்காமேல் நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் நிற்கிற ஒரு பெண்பிள்ளை.

“நீங்க என்னம்மா சும்மா நிக்கிறீங்க?”

“சும்மா இல்லீங்க ஐயா. எண்ணிக்கிட்டிருக்கேன்,” என்றாள் அக்கா.

“அடடே! எதை?”

அக்கா நின்றுகிடந்த வண்டியைப் பார்த்தாள். அதை மறித்து நின்றவர்களை, முன்னால் இருந்தவரிலிருந்து கடைசி ஆள் வரைக்கும், நிதானமாக ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

“இங்க சும்மா இருக்கறவங்களைத்தான் ஐயா. முடியவே மாட்டேங்குது.”

“சபாஷ்,” என்றார் பெரியவர். “விடாம எண்ணுங்க.” ஊர்வலம் நகர்ந்தது.